நீங்க முன்னாடி போங்க

எங்கள் மேனேஜர் தனியாகச் சாலையைக் கடந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் உப்புக் கம்பெனி ஆபீஸ், அந்தப் பக்கம் டீக்கடை. டீ குடிக்கக் கிளம்பி வந்து சாலையோரம் நிற்பார். பாண்டிச்சேரி பஸ் போகும். சனி ஞாயிறு கொண்டாடச் சென்னையிலிருந்து வருகிற கார்கள் போகும். பிறகு சாலை இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கும். அப்போதும் நிற்பார். ஒரு கிழவரோ பள்ளிக்கூடப் பெண்ணோ கடக்க ஆரம்பித்தால், அவர்கள் பின்னாலேயே நிம்மதியாக நடந்து டீக்கடை சேர்ந்துவிடுவார். ஒரு தடவை ஒரு பசுமாட்டின் பின்னால் போனார். பொய் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன்.

நான் அங்கே எடைமேடை கிளார்க். தினமும் கீழ்புத்துப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, லாரியை மேடையில் ஏற்றி இறக்கி, சீட்டுக் கிழித்துக் கொடுப்பது வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு மேனேஜர்.

இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. காலருக்கு அடியில் மடித்துவைத்த கைக்குட்டை. அக்குளில் எப்போதும் ஒரு பச்சை ரெக்சின் ஃபைல். பாத்ரூமுக்குப் போனால்கூட அந்த ஃபைல் கூடவே போகும். நாம் போய் ஒரு விஷயம் சொன்னால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு, "என்ன பண்ணலாம்ங்கறீங்க?" என்று கேட்பார். டிரைவர் குடித்துவிட்டு லாரி ஓட்டி வந்திருக்கிறான் சார் என்றாலும் அதுதான். பேக்கிங் ஷெட்டில் பாம்பு புகுந்துவிட்டது சார் என்றாலும் அதுதான். நேரில் பார்த்திருந்தால் பாம்பிடமும் கேட்டிருப்பார்.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பெண்களை, பதினெட்டு வயசுப் பெண்ணாக இருந்தாலும், "வாங்கம்மா போங்கம்மா" என்றுதான் கூப்பிடுவார். என் நாத்தனார் கல்யாணத்துக்கு வந்தவர் பந்தியில் ஒவ்வொருவராக உட்காரவைத்துவிட்டு, "நீங்க முன்னாடி போங்க, நீங்க முன்னாடி போங்க" என்று வழிவிட்டுக்கொண்டே நின்றார். முதல் பந்தி போனது, இரண்டாம் பந்தி போனது. கடைசியில் சமையல்காரர்களோடு உட்கார்ந்து வெறும் ரசமும் மோரும் சாப்பிட்டார். என் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எவ்ளோ பெரிய மனுசன், எவ்ளோ அடக்கம் பாரு" என்றார். அது அடக்கமா பயமா என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம்தான்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் உப்பளங்களில் ஒரு வழக்கம் உண்டு. பொங்கல் முடிந்து பாத்தியில் உப்பு விளைந்ததும், முதல்முதலாக வாரும் நாளில் வரப்பில் சூடம் கொளுத்திப் படைப்பார்கள். படைத்து முடித்ததும் நீளக் கழி பூட்டிய பலகையை வாங்கி, முதல் இழுப்பைக் கம்பெனியின் பெரிய ஆள் இழுக்க வேண்டும். அந்த வருஷ விளைச்சல் அந்தக் கையின் ராசி. நன்றாக விளைந்தால் அந்தக் கையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கோடை மழை வந்து உப்பைக் கரைத்துவிட்டால் மட்டும், "எந்த மூதேவி கைய வச்சது இந்த வருசம்?" என்று வரப்புக்கு வரப்பு கேட்பார்கள்.

ஒவ்வொரு வருஷமும் பலகையை அவரிடம் நீட்டுவார்கள். அவர் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு ஒதுங்கி நின்று, "அஞ்சலாட்சி அம்மா, நீங்க முன்னாடி போங்க. உங்க கை ராசியான கை" என்பார்.

அஞ்சலாட்சி உப்பு வாரும் பெண்களுக்கு மேஸ்திரி. அவள் பாத்தியில் நின்று ஆளைக் கூப்பிட்டால் சாலையில் பைக்கில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். வாயைத் திறந்தால் வருவதில் பாதியை இங்கே எழுத முடியாது. "திட்டு வாங்கறதுக்குன்னா நான் முன்னாடி, கூல் ட்ரிங்ஸ் குடிக்கறதுக்குன்னா நீங்கல்லாம் முன்னாடி. நல்லா இருக்குது சார் உங்க நாயம்" என்று சொல்லிக்கொண்டேதான் பலகையை வாங்கி இழுப்பாள். அவர் சிரிப்பார். கோபமே வராது. மழை பெய்த வருஷங்களில் திட்டெல்லாம் அவள் வாங்கினாள்.

இப்படி இருந்த காலத்தில்தான் ஹெட் ஆபீஸ் லீடர்ஷிப்பைக் கண்டுபிடித்தது.

ஆபீஸ் முகப்பில் கம்பெனியின் கொள்கைகள் என்று சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும். நேர்மை, தரம், ஒழுங்கு, பொறுமை. உப்புக்காற்றில் வருஷத்துக்கு ஒரு கொள்கை உதிரும், திரும்ப எழுதுவோம். இனிமேல் தலைமைப் பண்பும் எங்கள் கொள்கை என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. பெயிண்டர் ஏணியோடு வந்து பார்த்துவிட்டு, "இடமில்ல சார், ஒண்ண அழிச்சாத்தான் இன்னொண்ணு எழுத முடியும்" என்றான்.

"என்ன பண்ணலாம்ங்கறீங்க?" என்று அவனிடமே கேட்டார் மேனேஜர்.

"பொறுமைய எடுத்துடலாம் சார். அது ஏற்கனவே பாதி போயிடுச்சு."

அப்படித்தான் எங்கள் கம்பெனியில் பொறுமை போய்த் தலைமை வந்தது. முடிவு எடுத்தவன் பெயிண்டர்.

எங்களை எல்லாம் பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டுக்கு வேனில் கூட்டிக்கொண்டு போனார்கள். கன்னத்தில் மைக் ஒட்டிக்கொண்டு ஒரு பயிற்சியாளர் வந்தார். சின்ன வயசு, நல்ல சுறுசுறுப்பு, வாயில் ஈ நுழைய நேரமில்லாத பேச்சு. "உங்கள்ல யாரு லீடர்? முன்னாடி வாங்க!" என்று கையைத் தட்டினார். ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் மேனேஜரைப் பார்த்தோம். அவர் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். சுற்றி உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துக் கையை நீட்டி, "நீங்க யாராச்சும் முன்னாடி போங்க" என்றார்.

பயிற்சியாளர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு குரல் தழுதழுக்க, "பார்த்தீங்களா! தான் முன்னால போகாம அடுத்தவங்கள முன்னால அனுப்பறாரு. இதைத்தான் நான் மூணு மணி நேரமா பேசப்போறேன். இவரு ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு! எழுந்து நின்னு கை தட்டுங்க!" என்றார்.

தட்டினோம். மேனேஜர் பாவம், தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவருடைய தயக்கத்துக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. முன்பெல்லாம் "என்ன பண்ணலாம்ங்கறீங்க?" என்று அவர் கேட்டால் நாங்கள் முணுமுணுத்துக்கொண்டு போவோம். இப்போது ஹெட் ஆபீஸ்காரர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். மற்ற ஊர் மேனேஜர்கள் வந்து, அவர் எப்படி முடிவெடுக்காமல் இருக்கிறார் என்று கூட இருந்து கற்றுக்கொண்டார்கள்.

எல்லாரும் லீடர் ஆனோம். நான் எடைமேடை லீடர். வாட்ச்மேன் கேட் லீடர். ஸ்டோர் சாவி வைத்திருந்தவர் ஸ்டோர் லீடர். டீ கொண்டுவருகிற அக்கா டீ லீடர் ஆன முதல் நாளே இனிமேல் டீக்குச் சர்க்கரை பாதிதான் என்று முடிவெடுத்தாள். கேட்டதற்கு, "நான்தானே லீடரு? உங்களுக்கெல்லாம் சுகர் வராம பாத்துக்கறேன்" என்றாள். கேட் லீடர் வெயிலில் நிற்கிற லாரிகளை, தான் யோசித்துச் சொல்கிறவரைக்கும் உள்ளே விடவில்லை. சம்பளத்தை மட்டும் யாரும் லீட் பண்ணவில்லை, அது இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ள. 'நான் ஒரு லீடர்' என்று எழுதியிருக்கும். உப்பளத்தில் அதன் கொக்கி ஒரு வாரத்தில் துருப்பிடித்துக் கழுத்தெல்லாம் கறையானது. அஞ்சலாட்சி தன் அட்டையைக் கழற்றிக் குடிதண்ணீர்ப் பானையின் கழுத்தில் மாட்டிவிட்டாள். "வெயில்ல எல்லாரும் தேடிப் போறது அதைத்தான், அதுவே லீடரா இருக்கட்டும்" என்றாள்.

மாதாமாதம் சிறந்த லீடருக்கு ஓட்டு வேறு நடந்தது. பரிசு ஒரு பிளாஸ்க். உப்பு வாரும் பெண்கள் அதைச் சீட்டுப் பிடிக்கிற மாதிரி நடத்தினார்கள். குலுக்கிப் போட்டு யார் பெயர் வருகிறதோ அந்த மாதம் எல்லாரும் அவளுக்கு ஓட்டு. ஒருத்தி விடாமல் வரிசையாகப் பிளாஸ்க் வாங்கினார்கள். இவ்வளவு ஒற்றுமையான ஓட்டு எங்கேயும் விழுந்ததில்லை என்று ஹெட் ஆபீஸ் பூரித்துப்போனது.

பிறகு அந்த மே மாதம் வந்தது. லீடர்களுக்கு இரண்டாவது முகாம். அதே ரிசார்ட், அதே மைக். அறுவடை உச்சத்தில் இருந்தது. உப்பெல்லாம் வாரி மேட்டில் குவியல் குவியலாகக் கிடந்தது. லாரி வரும் என்பதால் நான் போகவில்லை. "இவனுங்க போயி விளையாடட்டும், நம்ம பொழப்ப யாரு பாக்கறது" என்று அஞ்சலாட்சியும் போகவில்லை. மற்ற எல்லா லீடர்களும் வேனில் ஏறிவிட்டார்கள். ஸ்டோர் லீடர் சாவியை பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஏறியதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. குவியல்களை மூடுகிற தார்ப்பாய் அத்தனையும் அந்த ஸ்டோருக்குள் இருந்தது.

காலை பதினொரு மணிக்கு மேல் கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. காற்று சட்டென்று நின்றுவிட்டது. அஞ்சலாட்சி முட்டிவரை உப்புத் தண்ணீர் சொட்ட எடைமேடைக்கு ஓடிவந்தாள்.

"இன்னா மேடம் பாத்துக்கினு உக்காந்திருக்கிற? சாவி எங்க?"

நான் ஸ்டோர் லீடருக்குப் போன் போட்டேன், அணைத்துவைத்திருந்தது. மேனேஜருக்குப் போட்டேன், அதுவும். கவனம் சிதறக்கூடாது என்று லீடர்களின் போனையெல்லாம் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிட்டார்களாம். ரிசார்ட் வரவேற்பில் கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் நான் போட்ட சத்தத்தில் அந்தப் பையன் போனை உள்ளே கொண்டுபோய் மேனேஜரிடம் கொடுத்தான்.

"சார், மழை வருது. தார்ப்பாய் உள்ள இருக்குது, சாவி அங்க இருக்குது. பூட்ட உடைக்கட்டுமான்னு அஞ்சலாட்சி கேக்கறாங்க."

அவர் கண்ணாடியைத் துடைப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பின்னால் மைக்கில், "முடிவெடுக்கப் பயப்படாதவன்தான் லீடர்!" என்று சத்தம் கேட்டது.

"அவங்க என்ன பண்ணலாம்ங்கறாங்க?" என்றார்.

"உடைக்கலாம்ங்கறாங்க சார்!"

"அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அது உத்தரவா இல்லையா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அஞ்சலாட்சி கடப்பாறையோடு ஸ்டோர் வாசலில் நின்றாள். இரண்டே போடு.

பெண்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். குவியலை மூடி, ஓரத்தில் செங்கல் வைத்துக்கொண்டே போனார்கள். எல்லாவற்றிலும் பெரிய குவியல் ஒன்று மிச்சம், தார்ப்பாய் தீர்ந்துவிட்டது. ஸ்டோர் மூலையில் சுருட்டிவைத்திருந்தது ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனர். அடுத்த மாதம் சேர்மன் வரும்போது சாலையோரம் கட்டுவதற்காக அடித்தது. 'தலைமை எங்கள் மூச்சு' என்ற எழுத்தும், கைகட்டிச் சிரிக்கிற சேர்மனும். அதையும் அஞ்சலாட்சி தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அங்கேதான் எங்கள் ஊர்ப் பெண்களுக்கே உரிய ஒரு தப்பு நடந்தது. முகத்தைக் கீழே போட்டு மூடியிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால், "ஐயோ, மொதலாளி மூஞ்சி உப்புல படக்கூடாதுடி, பாவம்" என்று மரியாதையாகத் திருப்பி, முகம் வானத்தைப் பார்க்கும்படி விரித்தார்கள். காற்றில் பறக்காமல் நடுவில் இரண்டு செங்கலும் வைத்தார்கள். ஒன்று நெற்றியில் உட்கார்ந்தது.

மழை கொட்டித் தீர்த்தது. பக்கத்துக் கம்பெனிகளின் உப்பு வாய்க்காலோடு போனது. எங்கள் குவியல்கள் நின்றன. சேர்மன் நெற்றியில் செங்கலோடு, முகமெல்லாம் தண்ணீர் வழிய, உப்பு மேட்டில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எந்தப் புண்ணியவானோ அதைப் போட்டோ எடுத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் கோட்டக்குப்பம் வரைக்கும் வாட்ஸாப்பில் ஓடியது.

ஹெட் ஆபீஸிலிருந்து ஹெச்.ஆர். அம்மா போன் செய்தபோது நான் மேனேஜர் மேசைக்கு எதிரில்தான் நின்றேன். ஸ்பீக்கரில் பேசினார். முதலில் வாழ்த்து. தான் இல்லாதபோதும் கம்பெனி உப்பைக் காப்பாற்றும் அளவுக்குத் தன் ஆட்களை உருவாக்கியதற்காக, இந்த ஆண்டின் தலைமைப் பண்பு விருது எங்கள் மேனேஜருக்கு. ஆண்டு விழாவில் சேர்மன் கையால் ஷீல்டு. அடுத்த மூச்சில், அனுமதி இல்லாமல் ஸ்டோர் பூட்டை உடைத்து ஒழுங்கை மீறிய மேஸ்திரியை வேலையைவிட்டு நீக்குகிறோம், ஆர்டர் கூரியரில் வருகிறது, அவள் கையில் கொடுத்து அனுப்புங்கள் என்றார். போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நீங்க உடைக்கச் சொல்லலையே சார்?" என்று மட்டும் கேட்டார்.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். அந்த அம்மாவே, "சரி, சொல்லல" என்று முடித்துக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் பக்கத்து உப்பளங்களில் ஒரு கம்பெனி விரட்டின ஆளை இன்னொரு கம்பெனி சேர்க்காது. அஞ்சலாட்சியின் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவள் வேலைதான் அந்த வீட்டில் அடுப்பு எரிய வைத்தது.

"சார், ஒரே ஒரு வார்த்தை. நான்தான் உடைக்கச் சொன்னேன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"என்ன பண்ணலாம்ங்கறீங்க மேடம்?"

"அதான் சொல்றேனே! வாயில என்ன கொழுக்கட்டையா? அவங்களுக்கு வேலை போகுது, உங்களுக்கு ஷீல்டு வருது. தூக்கம் வருமா சார் உங்களுக்கு?"

மேனேஜரிடம் இப்படிப் பேசினால் என் வேலையும் போகும் என்று பேசிய பிறகுதான் உறைத்தது. அவர், மறுநாள் கூரியரில் வந்த ஆர்டரைப் பச்சை ஃபைலுக்குள் வைத்தார். அதை அவளிடம் கொடுக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஹெச்.ஆர். அம்மா, கொடுத்தாயிற்றா என்று கேட்பார். இவர், "விழா முடியட்டுமே" என்பார். விழாவுக்கு டீமையும் கூட்டி வரலாம் என்றிருந்தார்கள். அஞ்சலாட்சியையும் என்னையும் வேனில் ஏறச் சொன்னார். விஷயம் அவளுக்கு ஏற்கனவே தெரியும், ஆபீஸில் எது ரகசியம்? "ஊரக் கூட்டி வச்சு வெரட்டப் போறானுங்களா?" என்றாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் வந்தாள். வேன் முழுக்க அவள் ஒரு கெட்ட வார்த்தையும் பேசாதது எனக்கு என்னவோ போல் இருந்தது.

ரிசார்ட் புல்வெளியில் மேடை. சேர்மன் வந்திருந்தார். பத்திரிகைக்காரர்கள், வீடியோ, மாலை, மற்ற ஊர் மேனேஜர்கள் எல்லாம் இருந்தார்கள். நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். விருதுக்கு மேனேஜர் பெயரைக் கூப்பிட்டதும் வாத்தியம் முழங்கியது. அவர் எழுந்து, டீமில் ஒருவரும் வேண்டுமே என்று அஞ்சலாட்சியையும் கூட்டிக்கொண்டு நடந்தார். மேடைப் படிக்கட்டு வந்தது. நின்றார். அந்த நிற்பை எனக்குத் தெரியாதா? ஒதுங்கினார். கையை நீட்டினார். உட்கார்ந்த இடத்திலேயே எனக்குக் கேட்டது.

"நீங்க முன்னாடி போங்கம்மா."

அடுத்த நிமிஷம் அஞ்சலாட்சி மேடைமேல் இருந்தாள், தன்னந்தனியாக, சேர்மனுக்கு நேர் எதிரில். சேர்மன் கையில் ஷீல்டு. கேமராக்காரர்கள் மொய்த்துக்கொண்டார்கள். அறிவிப்பாளர் குழம்பிப்போய் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் படிக்கு அடியிலேயே நின்றுகொண்டு, நான் அதுவரை கேட்டறியாத ஒரு குரலில், "உப்பக் காப்பாத்துனது இவங்கதான். முடிவு எடுத்ததும் இவங்கதான்" என்றார்.

கைதட்டல். பயிற்சியாளர் எழுந்து நின்று தட்டினார். சேர்மனுக்கு அவள் யாரென்று தெரியாது, செங்கல் வைத்தவள் என்று தெரியவே தெரியாது. வீடியோ ஓடுகிறது. சிரித்த முகத்தோடு ஷீல்டை அவள் கையில் கொடுத்து, "இவங்கள மாதிரி லீடர்ங்கதான் நம்ம கம்பெனியோட சொத்து" என்று மைக்கில் சொல்லிவிட்டார். ஹெச்.ஆர். அம்மா முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது. மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. பேப்பரில் வந்த சொத்தை எப்படி வேலையைவிட்டு நீக்குவது? அந்த ஆர்டரைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

அஞ்சலாட்சி ஷீல்டைப் பேக்கிங் ஷெட் ஜன்னலில் வைத்தாள். வாயும் பழையபடி ஆனது. எனக்கு மட்டும் ஒரு விஷயம் அறுத்துக்கொண்டே இருந்தது. அந்த மனுஷன் தெரிந்து செய்தாரா, இல்லை, பழக்க தோஷத்தில் ஒதுங்கியது ஏதோ நல்லதாகப் போய் முடிந்ததா? பசுமாட்டுக்கு வழிவிட்டவர்தானே. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?" என்றார்.

நான் கூட்டாளிகளிடமெல்லாம், "பழக்க தோஷம்தான்டி, பயந்து ஒதுங்குனாரு, அது அவ நல்ல நேரம்" என்று சொல்லிச் சிரித்தேன்.

ஹெட் ஆபீஸ் சிரிக்கவில்லை. மழைக்காலம் வந்து உப்பளம் ஓய்ந்ததும் மேனேஜருக்கு மாற்றல் வந்தது. புதிய பொறுப்பு, புதிய சவால் என்று மூன்று பத்தி பாராட்டு. உள்ளே திண்டிவனத்தைத் தாண்டி எங்கேயோ கம்பெனிக்கு ஒரு பழைய கிடங்கு கிடக்கிறது, அதற்கு அவர்தான் தலைவர். அங்கே வேறு ஆளே கிடையாது. அவர் முன்னால் அனுப்புவதற்குக்கூட ஒரு ஆள் இல்லாத இடமாகப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார்கள். அவரிடமிருந்த கம்பெனி ஜீப்பையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

கடைசி நாள் அவரை வழியனுப்ப நானும் அஞ்சலாட்சியும் பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். ஒரு சூட்கேஸ், அக்குளில் பச்சை ஃபைல். திண்டிவனம் பஸ் வந்து நின்றது, கூட்டம் முண்டியடித்தது. அவர் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நீங்க முன்னாடி போங்க, நீங்க போங்கம்மா, பாத்து ஏறுங்க" என்று ஒவ்வொருவராக ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் ஏறினார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ் கிளம்பிவிட்டது. மேனேஜர் சூட்கேஸோடு கீழே நின்றார்.

"டேய்! நிறுத்துடா வண்டிய!" என்று அஞ்சலாட்சி போட்ட சத்தத்தில் பஸ் மட்டுமில்லை, எதிரில் வந்த லாரியும் நின்றது. ஓடினாள். சூட்கேஸைப் பிடுங்கிப் படியில் வீசினாள். தன் கையிலிருந்த சாப்பாட்டுக் கூடையை அவர் முதுகில் வைத்து ஒரே தள்ளு. "ஏறுய்யா சார் மொதல்ல!"

ஏறிவிட்டார். பஸ் போயிற்று. ஜன்னலில் அவர் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"ஏன்க்கா இப்படித் தள்ளுனீங்க? விழுந்திருந்தா?" என்றேன்.

"கணக்கு நேராயிடுச்சு போ" என்றாள். கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு மேடையில என்னைய அவரு தள்ளலையா?"

"எங்க தள்ளுனாரு? ஒதுங்கித்தானே நின்னாரு?"

"உனக்கு அம்மாந்தூரத்துல இன்னா தெரியும்? படிகிட்ட போனதும் திரும்பி ஓடிடலாம்னு பாத்தேன். 'இப்ப நீங்க ஏறலன்னா நாளைக்கு நான் இந்த ஆர்டர உங்க கையில குடுக்கணும்மா'ன்னு மெதுவா சொன்னாரு. சொல்லிட்டு அந்தப் பச்சை ஃபைல முதுகுல வச்சுத் தள்ளுனாரு பாரு, ரெண்டு படி தாண்டிப் போயி நின்னேன்."

டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று அவள் சாலையைக் கடந்துவிட்டாள். சாலை இரண்டு பக்கமும் காலியாகத்தான் கிடந்தது. நான் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன். பயந்து ஒதுங்கினார் என்றல்லவா இத்தனை நாளும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.